இரண்டாம் சரணத்தில் ஒரு சேவல்

மார்த்தாண்டத்தில் பேக்கரி மாடியில்
முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டி
ஸ்டுடியோ என்று போர்டு வைத்திருந்தேன்.
எண்பத்தொன்பது, இடவப்பாதி மழை.
மணிக்கு நூற்றிருபது ரூபாய்,
கரண்டு இருந்தால்.

சுகந்தபாய் கருங்கலிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தாள்.
அண்டியாபீஸில் அரைநாள் லீவு.
விரலெல்லாம் அண்டிக் கறை.
பாட்டு எழுதிய நோட்டை
உள்ளங்கையால்தான் திருப்பினாள்.
புல்லாங்குழல் தாசையன், பள்ளியாடிக்காரர்,
ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் அளப்பவர்.
தபலாவுக்கு ஆள் வரவில்லை.
ஆர்மோனியத்தின் முதுகில் நானே தட்டினேன்.

பெட்டி எடுக்கும் நேரத்துக்கென்று எழுதிய பாட்டு.
இரண்டாம் சரணத்தில்
‘அக்கரை வெளுக்குதே’ என்று மேலே ஏறி
அவள் மூச்சுக்கு நின்ற இடத்தில்
பேக்கரிக்காரரின் சேவல் கூவியது.
ஒரே கூவல்.
சுருதிகூடச் சேர்ந்துதான் இருந்தது.
இன்னொரு முறை பாடலாம் என்றேன்.
பணம் போட்ட ஊழியக்காரர் வாட்சைப் பார்த்தார்.
‘அது கெடக்கட்டும் பிள்ளே, மணி ஆவுது.’

அட்டையில் அவர் பெயர் வந்தது,
போட்டோ வந்தது, கையில் பைபிள்.
கீழே பொடி எழுத்தில் ‘மற்றும் குழுவினர்.’
மற்றும் என்றால் சுகந்தபாய்.
குழுவினர் என்றால் தாசையன், நான், சேவல்.
அவளுக்கு முந்நூறு ரூபாய், பஸ் காசு தனி.
பேக்கரியிலிருந்து ஆளுக்கொரு பருப்புவடை.
சேவல் அந்தக் கிறிஸ்துமஸ் வரை இருந்தது.

பிறகு நடந்தது எங்கள் கையில் இல்லை.
குழித்துறை முதல் குளச்சல் வரை
மரித்த வீடு எதுவானாலும்
தென்னையில் கட்டிய குழாயில் அவள்தான் அழுதாள்.
பிரதிக்குப் பிரதி எடுத்தார்கள்.
நாடா இழுபட இழுபட
அவளுக்கு வயது ஏறியது, ஒவ்வொரு ஊரிலும் ஒரு வயது.
சேவல் கூவும்போதுதான் கூட்டம் உடையும்.
பேதுருவுக்குக் கூவின சேவலாக்கும் என்று
ஓர் அடக்க ஆராதனையில் போதகர் சொல்லப்போக
வேண்டுமென்றே வைத்ததாக ஆகிவிட்டது.
என்னிடம் மூன்று பேர் கேட்டார்கள்.
மூன்று முறையும் நான் மறுதலிக்கவில்லை.

இரண்டாவது கேசட்டுக்கு யாரும் கூப்பிடவில்லை.
கல்யாணப் பந்தலில் அந்தக் குரல் கேட்டால்
பெண்வீட்டார் வாசலைப் பார்ப்பார்களாம்.
திருவனந்தபுரத்தில் முன்பணம் பேசியவன்
ஒரு வெள்ளிக்கிழமை கடையையே காலி செய்திருந்தான்.
ஆபீஸ் மூடும்வரை அண்டி தல்லினாள்,
அப்புறம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு.
நான் மைக்கை விற்று ஜெராக்ஸ் மிஷின் வாங்கினேன்.
பிரதி எடுப்பது பழகின வேலைதானே.

போன மாதம் தாசையன் மரித்தார்.
ரப்பர் மரங்களுக்கிடையில் நீலப் பந்தல்.
மைக்செட் பையன் பென்டிரைவைச் சொருகினான்.
அவள் குரல்,
முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தின தொண்டை,
இரைச்சல் நீக்கி, கழுவித் துடைத்து.
பதிவு செய்த நானே
இத்தனை சுத்தமாய்க் கேட்டதில்லை.
தாசையனின் குழலிலிருந்து
ஊதும் மூச்சை மட்டும் எடுத்திருந்தார்கள்.
சுகந்தபாய் என் பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில்
முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.
இரண்டாம் சரணம்.
மேலே ஏறினாள். நின்றாள்.

ஒன்றுமில்லை.

ஒரு மூச்சளவு ஓட்டை, மறுபடி பாட்டு.
அழுவதற்குத் தயாராக இருந்தவர்கள்
எங்கே தொடங்குவதென்று தெரியாமல்
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் எழுந்து பையனிடம் போனாள்.
‘மக்கா, சேவலை எங்க?’
‘நாய்ஸ் எல்லாம் எடுத்தாச்சும்மா.
நீங்க யாரு, மரிச்சவருக்க சொந்தமா?’

குழாயைப் பார்த்தாள்.
பெட்டியைப் பார்த்தாள்.
‘கூட வேல பாத்தேன்’ என்றாள்.
‘ஒரு நாள்.’