உள்ளூர் 27, வெளியூர் 41

ஐஸ் ஹாக்கியில் யாரும் நாற்பத்தொரு கோல் வாங்குவதில்லை.
கூசிராந்தா அணிகூட
அந்த அளவுக்கு மோசமில்லை.

ஆனாலும் நவம்பர் முழுக்க,
மூன்று மணிக்கே இருட்டிவிடும் அந்த மாதம் முழுக்க,
கடைசிப் பையனும் போனபின்,
மெயின் சுவிட்சை நானே இறக்கியபின்,
பலகை எரிந்தது:
மூன்றாம் பகுதி. உள்ளூர் 27. வெளியூர் 41.

பனித்தளத்தை வழவழப்பாக்கும் வண்டியை ஓட்டுகிறவள் நான்.
பதினேழு வயது. மணிக்கு ஒன்பது யூரோ.
பேய் என்றால் பயம்தான்,
ஆனால் சம்பளம் வெள்ளிக்கிழமைதான் தருவார்கள்.

ஓனெர்வாவை அழைத்துவந்தேன்.
அவள் வயரைப் பிடுங்கினாள். எரிந்தது.
ஃப்யூஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.
எரிந்தது.
"சரி," என்றாள்,
கணக்கில் பெயிலானதை வீட்டில் சொல்கிற குரலில்.

விசாரித்தோம்.
ஊரில் ஆளுக்கொரு பேய் வைத்திருந்தார்கள்.
பெட்ரோல் பங்கில் காப்பி குடிக்கிற ஹெய்மோ
கேட்டு முடிப்பதற்குள் சொன்னார்:
ஏரிப்பனி உடைந்து லாரியோடு இறங்கியவன்.
மருந்துக்கடையில்: மர ஆலையில் மாட்டிக்கொண்டவன்.

துய்ரேயை யாரும் சொல்லவில்லை.
அவள்தான் சாகவில்லையே.
எண்பத்து நான்கில் ஸ்வீடனுக்குப் பஸ் ஏறியவள்.
அங்கே கார் தொழிற்சாலை, நல்ல வருமானம்,
ஒரு கடிதம்கூடப் போடாத திமிர்.
ஊரைவிட்டுப் போனவர்களுக்கு
பேயாகிற உரிமை இல்லை.

நூலகத்தின் நிலவறையில்
பழைய ஆட்டங்களின் செய்தியைத் தேடினோம்.
ஆடுகிற அலமாரிக்கு முட்டுக்கொடுத்திருந்த புத்தகத்தை
ஓனெர்வா தும்மிக்கொண்டே உருவினாள்.
தொலைபேசி எண்கள். எல்லாம் ஐந்து இலக்கம்.
மூன்று, இருபத்தேழு, நாற்பத்தொன்று.
ஒவ்வொரு பக்கமாக விரலை ஓட்டி
ஏழு மணிக்குக் கண்டுபிடித்தோம்.
என் அம்மா பிறந்த வீடு.

அம்மா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.
எண்ணைச் சொன்னேன்.
கத்தி நிற்கவில்லை.
தோல் மட்டும் அறுபடாமல் நீண்டுகொண்டே போனது.
"போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுவேன் என்றாள்.
மூன்று நாள் போனுக்குப் பக்கத்திலேயே தூங்கினேன்.
அப்புறம் நாற்பது வருஷம்
அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன்."

அன்றிரவு வந்தாள்,
சமையல் ஏப்ரனுக்கு மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு.
பலகை எரிந்தது.
நான் தடுப்பதற்குள் பனியின் நடுவே போய்
ரிசீவரைப் பிடிப்பதுபோலக் கையைக் காதில் வைத்தாள்.
"ஹலோ" என்றாள்.
அந்தக் காலத்து வழக்கப்படி
குடும்பப் பெயரையும் சொன்னாள்.

அப்புறம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.
எங்களுக்குக் கேட்டது கம்ப்ரெஸரின் இரைச்சல் மட்டும்.
இரண்டு முறை சிரித்தாள்.
ஒரு முறை, மிக மெதுவாக, "எங்கே?" என்றாள்.

பலகை அணைந்தது.
ஓனெர்வாவின் பையில் ஃப்யூஸ் சுட்டது.

காலையில் அம்மா காவல் நிலையம் போய்
சரளைக் குழியின் வடக்கு ஓரத்தைச் சொன்னாள்.
எப்படித் தெரியும் என்றார்கள்.
"போன் வந்தது."
உறைந்த தரை, ஏப்ரல்வரை தோண்ட முடியாது என்று
சிரிக்காமல் எழுதிக்கொண்டார்கள்.

இது பிப்ரவரி.
பலகையில் பூச்சியம், பூச்சியம்.
சனிக்கிழமை பதினொரு கோலில் தோற்றோம்.

குழியைப் பற்றி நாங்கள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.
ஆனால் பெட்ரோல் பங்கில்
ஜன்னலோர நாற்காலி மூன்று வாரமாகக் காலி.
ஹெய்மோ அந்த வருஷங்களில்
சரளை லாரிதான் ஓட்டினாராம்.
காப்பி ஊற்றுகிற பெண், கேட்காமலே, சொன்னாள்.