ரவை

எங்க வீட்டுல ரெண்டு ரவை.
ஒன்னு உப்புமாவுக்கு, இன்னொன்னு அவருக்கு.
கடைச் சீட்டுல நான் ரவைன்னு எழுதுனா
சோணைமுத்து பேனாவைப் பிடுங்கி
பக்கத்துலயே இன்னொரு ரவை எழுதிட்டுச் சிரிப்பாரு.

பதினாறாம் நாள் முடிஞ்சு
லைசென்ஸ் புஸ்தகத்தை விரிச்சேன்.
கைவசம் தோட்டா அம்பது, கீழ அவரு கையெழுத்து.
தேடுனேன்.
மாவு டப்பாவுல முப்பது.
மோட்டார் ரூம்புல ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால நாப்பது.
என் கூரைப்புடவை மடிப்புல பன்னெண்டு.
இருபத்தஞ்சு வருசமா ஜரிகை கருக்காம நான் காத்த புடவை,
பித்தளை பட்ட எடமெல்லாம் வட்டம் வட்டமா பச்சை.
உரச்சாக்குக்குள்ள நூத்தி முப்பது, அதுவும் ரெண்டு தடவை எண்ணித்தான்.

மேலவெளி வீதிக் கடைக்கு
வருசந் தவறாம போவாரு, நேர்த்திக்கடன் மாதிரி.
பன்னி வெரட்டச் சுட்டதுன்னு புஸ்தகத்துல எழுதிக்கிருவாரு.
பன்னி பாட்டுக்குச் சிறுமலையிலருந்து எறங்கி
கடலைக்கொடியை வேரோட பெரட்டிட்டுப் போகும்.
வெடிச் சத்தம் நான் கேட்டது மொத்தம் ஆறு தடவை.
இம்புட்டு வெலையுள்ளதைப் பன்னிக்கா போடுறதுன்னு கேப்பாரு.
பின்ன யாருக்குன்னு நான் கேட்டா
‘ஒரு நாள் வரும்’பாரு.
என்ன நாள்னு சொன்னதில்லை.
டிவியில எங்கயாச்சும் ஊர் எரிஞ்சா, கரை ஒடைஞ்சா,
அன்னைக்கு ராத்திரி
டப்பா மூடி தொறக்குற சத்தம் கேக்கும்.

ஊரடங்கு வந்துச்சு.
‘பாத்தியா’ன்னாரு, பந்தயத்துல ஜெயிச்சவரு மாதிரி.
கேட்டுக்குப் பக்கத்துல நாற்காலி, மடியில துப்பாக்கி,
இருபத்தோரு நாள்.
வந்தது பால்காரப் பையன்.
அப்புறம் காப்பித்தூள் கேட்டு எதுத்த வீட்டு ஜெயக்கொடி.
உப்புமா ரவை ஒம்பதாம் நாளே தீந்துருச்சு.

வெளியாளுக்கு வீடு தெரியக்கூடாதுன்னு
பேர்ப்பலகையைக் கழட்டுனது அப்பத்தான்.
முக்குல எரிஞ்ச பல்பையும்.

இந்த மாசியில, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்த ராத்திரி,
நூத்தியெட்டு வண்டி
குட்லாடம்பட்டியை மூணு சுத்து சுத்துச்சு.
சத்தம் கிட்ட வருது, போகுது,
திரும்ப வருது.
அவரு கண்ணு என் மேல இல்லை,
அலமாரிச் சாவி தொங்குற ஆணி மேல.

வாடிப்பட்டி ஸ்டேசன்ல ரைட்டர் பேரு கேட்டாரு.
போதுமணி.
நிமிந்து பாத்தாரு.
அஞ்சாவது பொண்ணு சார், என்னோட போதும்னு வச்சது.

மேசையில பத்துப் பத்தா அடுக்குனாரு.
அஞ்சு வரிசை ஆனதும் கை நின்னுபோச்சு.
பையைப் பாத்தாரு, வாசலைப் பாத்தாரு,
என் வெறும் நெத்தியைப் பாத்தாரு.
‘நமுத்துப்போனதும்மா, ஒன்னும் வெடிக்காது.
எழுதுனா ஒனக்கும் கோர்ட்டு, எனக்கும் கோர்ட்டு.
அம்பதுன்னு போட்டுக்குறேன்,
மிச்சத்தைக் கெணத்துல போட்டுரு.’
துப்பாக்கிக்கு மட்டும் ரசீது கெடைச்சுச்சு.

டவுன் பஸ்ஸுல பொம்பளைக்குக் காசில்லை,
மூட்டைக்கு உண்டாம்.
கண்டக்டர் காலால தள்ளிப் பாத்தாரு, பை நகரலை.
‘என்னம்மா இது?’
‘ரவை.’
‘கல்யாண வீடா?’
பத்து ரூவா குடுத்தேன்.

கெணத்துல கொட்டுனேன். தொப்புன்னு கேக்கலை.
தண்ணி எங்க இருக்கு?
மூணு வருசமா பாறை தெரியுற கெணறு.
காயப்போட்ட மொளகா மாதிரி
நூத்தி அறுபத்திரெண்டும் செவப்புச் செவப்பா,
எட்டிப் பாக்குறவங்க கண்ணுக்கெல்லாம் படும்படி கெடக்கு.
தென்னமட்டை வெட்டிப் போட்டேன், காத்துல வெலகுது.
அந்தி சாயயில போயி நிக்கிறேன்.
கெணத்துக்குள்ள ஒரு பார்வை,
சிறுமலை உச்சியில ஒரு பார்வை.
நேத்து கொஞ்சம் கருத்துச்சு, கலைஞ்சுருச்சு.
ஒரு நாள் வரும்.