நில்

பணிவிடுப்புத் தாளில்
பெயர் சரி, எண் சரி,
உயரம் ஐந்தடி ஐந்தரை அங்குலம், சரி,
இடது புருவத்துத் தழும்புகூடச் சரி.
பதக்கங்கள் என்ற கட்டத்தில் மட்டும்
தட்டச்சுக்காரர் ஆங்கிலத்தில் மூன்றெழுத்து தட்டியிருந்தார்:
நில்.

ஒன்றுமில்லை என்று அர்த்தமாம்.
என் காதில் அது தமிழாகவே விழுந்தது.
நின்றேன், ஐம்பத்தெட்டு வருஷம்.
நூற்று நாற்பத்தைந்தாம் எண் பஸ்ஸை
உட்கார்ந்து ஓட்டிய காலத்திலும்
உள்ளே ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

தெலுக் பிளாங்கா கோப்பிக் கடையில்
ஓ கோசோங் என்று நான் சொல்லும்போதெல்லாம்,
பாலும் இல்லை சீனியும் இல்லை,
அந்தக் கட்டம் ஞாபகம் வரும்.

திருத்தச் சொல்லி எழுதியது மகள்.
வக்கீல் ஆபீசில் முப்பது வருஷம் கோப்பு கட்டியவள்,
தமயந்திக்குப் படிவம் என்றால் பயமில்லை.
"எங்கே இருந்தீங்க, எத்தனை நாள், யாரு சாட்சி?"

தாவாவுக்கு எதிரே ஒரு தீவு.
சதுப்பு. தொண்ணூற்று ஒரு நாள்.
சாட்சி:
சார்ஜெண்ட் ரொசாரியோ, சுவா சூ காங் கல்லறையில்.
கோ பூன் தியாம் பெர்த்துக்குக் குடியேறிவிட்டான்,
கடிதம் பிரிக்காமலே திரும்பி வந்தது.
சன்னாசி, தாம்சன் சாலைப் பக்கம் முதியோர் இல்லத்தில்.
ஆரஞ்சுப் பழத்தோடு போனேன்.
என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு
"இன்ஷூரன்ஸ் வேணாம்" என்றான்.
தாஹிர்.
தாஹிர் பெயரை நான் சொல்லவில்லை.

முதல் பதில்: ஆதாரம் போதவில்லை.
இரண்டாம் பதில்: அதே வாக்கியம், வேறு கையெழுத்து.
மூன்றாம் முறை நேரிலேயே போனோம், டெப்போ சாலைக்கு.
வரிசை எண் வாங்கி,
எண் வந்து,
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நூர் ஹிதாயா என்ற பெண்
"சம்பளப் பேரேட்டைப் பார்த்தாங்களா அங்கிள்?" என்றாள்.
யாரும் பார்க்கவில்லை.
பதக்கப் பட்டியல் தொலையலாம்.
பிடித்த காசின் கணக்கை
எந்த அரசாங்கம் தொலைத்திருக்கிறது?

ஆறு வாரம் கழித்து நகல் வந்தது.
தேதி இருந்தது, தீவின் பெயர் இருந்தது, என் எண் இருந்தது.
*தண்ணீர்ப் புட்டி ஒன்று, தொலைத்தது.
பிடித்தம் மூன்று வெள்ளி இருபது காசு.*

தமயந்தி கை தட்டினாள்.
"அபராதம் காப்பாத்திடுச்சுப்பா!"
நானும் சிரித்தேன்.
சிரிக்க வேண்டிய இடம்தான் அது.

வயிற்றில் குண்டு பட்டவனுக்குத் தண்ணீர் தரக் கூடாது.
பயிற்சியில் முதல் மாதமே சொல்லிவிடுவார்கள்,
பாட்டு மாதிரி நாங்கள் ஒப்பித்திருக்கிறோம்,
அவனும்தான்.
கண்டல் வேரில் தலை சாய்த்து
தாஹிர் கேட்டான்: ஆயெர்.
ஏற்ற நேரம். சுற்றிலும் தண்ணீர், உப்பு.
ஆயெர், வேலு.
படகு விடிந்துதான் வரும் என்று
அவனுக்கும் தெரியும்.

மூடியைத் திருகினேன்.
அப்புறம் அந்தப் புட்டியை அவன் கையிலிருந்து எடுக்க
எனக்குக் கை வரவில்லை.
முகாமில் கேட்டார்கள். தொலைந்துபோச்சு என்றேன்.
எழுதிக்கொண்டார்கள்.

புதுத் தாள் போன வாரம் வந்தது.
நில்லின் மேல் ஒரு கோடு, ஓரத்தில் யாருடைய சுருக்கொப்பமோ,
கீழே இரண்டு பதக்கத்தின் பெயர்.
பதக்கங்கள் தனியே பெட்டியில் வந்தன. கனமே இல்லை.
தாளைச் சட்டம் போட
தேக்காவில் கொடுத்திருக்கிறாள் மகள்.

நேற்று நூர் ஹிதாயா கூப்பிட்டாள்.
"எல்லாம் சரியா இருக்கா அங்கிள்?
வேற ஏதாச்சும் பிழை இருந்தா இப்பவே சொல்லிடுங்க,
கோப்பை மூடப்போறேன்."

ஒரு சொல் இருக்கிறது.
தொலைத்தது இல்லை அது.
அடித்துவிட்டு மேலே எதைத் தட்டச் சொல்வது,
கொடுத்தது என்றா,
கொன்றது என்றா?

"அங்கிள், லைன்ல இருக்கீங்களா?"

"கோசோங்" என்றேன்.