நீளம் சைபர்

புதுவயலில் விடியுமுன்பே
உமி வாசம் எழுந்துவிடும்.
எடைமேடையில் ஏறி நிற்கிறது ஒரு நெல் லாரி.
திரையில் எண் வரவில்லை.
பின்னால் இன்னும் ஆறு.

"ஒரே நிமிஷம் மேடம்" என்று ஆரம்பித்த சாத்தையா
பதினோரு நிமிஷம் பேசினார்.
மனிதர்கள் முன்கூட்டிச் சொல்லும் நீளத்தை
நான் நம்புவதில்லை.
எந்திரங்கள் சொல்வதை நம்பித்தான்
சம்பளம் வாங்குகிறேன்.

எடைமேடைக்குத் தெரிந்த மொழி சின்னது.
வரப்போவது எத்தனை என்று முதல் இரண்டு பைட்,
அப்புறம் அத்தனை:
வண்டி எண், எடை, நேரம்.
முற்றுப்புள்ளி கிடையாது, இடைவெளி கிடையாது,
எண்ணிக்கைதான் இலக்கணம்.
அதிலும் சிறியது முன்னே, பெரியது பின்னே.
மாற்றிப் படித்தால் இருபத்தெட்டு
ஏழாயிரத்து நூற்று அறுபத்தெட்டாகிவிடும்,
வராத மிச்சத்துக்காக
மில் பொங்கல் வரை காத்துக் கிடக்கும்.

வழியும் லேசுப்பட்டதல்ல.
மழை பிடித்தால் கோட்டையூர்ப் பக்கத்து டவர்
பாதியைத் துப்பிவிட்டு
பாதியை மென்றுகொண்டிருக்கும்.
இருபத்தெட்டில் பத்தொன்பது வரும்.
இரண்டு லாரி ஒட்டிப் பிறந்தும் வரும்,
ஒன்றின் வால் எது, மற்றதன் தலை எது என்று
நாம்தான் அறுத்துப் பார்க்கவேண்டும்.
ஒருமுறை நீளமே உடைந்து வந்தது:
ஒரு பைட் நள்ளிரவுக்கு முன்,
இன்னொன்று மறுநாள் தேதியில்.

அதனால்தான் என் நிரலுக்கு இரண்டே நிலை.
நீளத்துக்குக் காத்திருப்பது.
மெய்க்குக் காத்திருப்பது.
(உள்ளடக்கத்துக்கு 'மெய்' என்று பெயர் வைத்தது
ஒரு மத்தியானத் தூக்கக் கலக்கத்தில்.)
வந்ததைப் பத்திரப்படுத்து.
போதவில்லையா, நின்ற இடத்திலேயே நில்.
நிறைந்ததா, எடுத்துக் கொடுத்துவிட்டு
முதல் நிலைக்குத் திரும்பு,
ஒட்டிக்கொண்டு ஏதும் மிச்சமுண்டா பார்.
ஐந்நூறுக்கு மேல் நீளம் சொன்னால்
பேச்சே வேண்டாம், கதவைச் சாத்து.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
செக்காலை ரோட்டில், ஜெராக்ஸ் கடை மாடியில்,
நேற்றைய பதிவை வரிவரியாக உருட்டினேன்.
இரவு பத்து ஐந்துக்கு இணைப்பு அறுந்திருக்கிறது.
முந்தாநாளும் அதே பத்து ஐந்து.
அறுத்தது டவர் இல்லை.
நான்.

லாரி வராத நேரத்தில் எடைமேடை
சும்மா இருப்பதில்லை.
பத்து மணிக்கு மில் படுத்த பிறகு
ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அனுப்பப் பார்க்கிறது:
சைபர், சைபர்.
நீளம் ஒன்றுமில்லை. பின்னால் எதுவுமில்லை.
இங்கே இருக்கிறேன், அவ்வளவுதான்.

என் நிரல் வழக்கம்போல இரண்டாம் நிலைக்குப் போய்
சைபர் பைட் கேட்டது.
சைபர் பைட் கிடைத்தது.
'கையில் சைபர் வந்தால்
எதிர்முனை போய்விட்டது, நீயும் வை.'
என்றைக்கோ நானே எழுதிய வரி.
வைத்துவிட்டது.
திரும்பக் கூப்பிடத் தெரியாத அந்தப் பெட்டி
விடியும்வரை
அறுந்த கம்பியைக் காதில் வைத்திருந்தது.

ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தார்கள்,
மெய்தான் உயிர் இல்லாமல் அசையாது,
உயிர் தனியே ஒலிக்கும் என்று.
அ-வுக்கு எந்த மெய் வேண்டியிருந்தது?

ஒரு வரி சேர்த்தேன்.
நீளம் சைபரானால் மெய் கேட்காதே.
கேட்டது என்று குறித்துக்கொள்,
இருந்த நிலைக்கே வா.

"பெட்டியை அணைத்துப் போடுங்கள் சாத்தையா,
சரியானால் ஒரு மிஸ்டு கால் போதும்."
போதும் என்பதை அழுத்திச் சொன்னேன்.

ஆறு ஐம்பத்திரண்டு.
திருமயத்து இருளப்பன் வண்டி,
இருபத்திரண்டு டன் நானூற்று அறுபது கிலோ,
இருபத்தெட்டு பைட், இரண்டு துண்டாக,
முழுசாக.

போன் ஒரு தரம் அடித்து நின்றது.
நான் திருப்பிக் கூப்பிடவில்லை.