உச்சிக்கு மிக அருகில்

சிங்கப்பூரில் அலையில்லை என்பார்கள். சரிதான்.
எங்களுக்குக் கிடைப்பது கப்பல்கள் போட்ட மிச்சம்.
பாத்தாம் போகும் படகு தாமதமாகி,
ஓதமும் வற்றியிருந்தால்,
அதன் பின்னால் விரியும் மடிப்பு
அலைத்தடுப்பின் முனைக் கல்லைத் தொட்டு
வலப்பக்கமாக உரிந்துகொண்டே வரும்,
வாழைப்பட்டை உரிவதுபோல.
பதினொரு வினாடி. எண்ணியிருக்கிறேன்.

அதற்குத்தான் ஞாயிறு மாலை
இருபத்து மூன்று பேர்.
கற்றுக்கொள்ள வந்தவர் ஒருவருமில்லை.
மெந்தாவாய்க்கு விடுப்பெடுத்துப் போய்
முழங்கையில் பவளப்பாறைத் தழும்போடு திரும்பியவர்கள்.
பல் மருத்துவர் டெஸ்மண்ட் கோ.
மூன்று பலகை வைத்திருக்கும் ஹைருல்.
லிஃப்டில் பலகையைக் குறுக்காகச் சாய்த்து
பதினான்கு மாடி இறங்கி வரும் நான்.

உணவங்காடி என்றால்
ஒரு டிஷ்யூ பொட்டலம் போதும், மேசை நம்முடையது.
தண்ணீரில் எதை வைப்பது?
உச்சிக்கு மிக அருகில் இருப்பவருக்கே அலை.
ஒரே சட்டம். எழுதி வைக்காதது,
அபராதமும் இல்லாதது. ஆகவே
வாய் வீட்டு விலையைப் பேசிக்கொண்டிருக்க
கை தண்ணீருக்கடியில் துழாவி
அரையடி அரையடியாக
அடுத்தவரைச் சுற்றிக்கொண்டு முன்னேறுவோம்.
முகத்தில் மட்டும் வரிசையில் நிற்கும் சாந்தம்.

எழுமலை வந்தது அது மூன்றாவது முறை.
துவாஸ் கப்பல் பட்டறையில் வெல்டிங்.
மாதம் இரண்டு ஞாயிறுதான் ஓய்வு.
பலகை ஹைருலுடையது, மூக்கில் பழைய ஒட்டு.
கோவளத்துக்காரன். அங்கேயும் வலக்கை அலைதானாம்.
"இது அலையாக்கா? கப்பலோட ஏப்பம்."
சிரித்துவிட்டு, கூட்டத்தை விட்டுத் தள்ளி
யாரும் உட்காராத இடத்தில் போய் உட்கார்ந்தான்.
டெஸ்மண்ட் என்னைப் பார்த்துப் புருவம் உயர்த்தினார்,
உங்கள் ஆளுக்கு ஒன்றும் தெரியாதோ என்று.
நானும் தோளைக் குலுக்கினேன்.

ஆறே முக்காலுக்குப் படகு.
அதே நேரம் கிழக்கிலிருந்து, என்ன அவசரமோ, ஓர் இழுவைப்படகு.
நாங்கள் எல்லோரும் படகைப் பார்த்தோம்.
அவன் மற்றதைப் பார்த்திருக்கிறான்.
இரண்டு மடிப்பும் குறுக்காகச் சந்தித்ததில்
உச்சி இடம் மாறிப் போய்
அவன் பலகைக்கு அடியில் எழுந்தது.

அவன் எழுந்து நின்றதைப் பார்த்தேன்.
அதைச் சொல்லிவிட வேண்டும்: பார்த்தேன்.
முழங்கால் மடிந்த விதம்,
பின்கை விரல்கள் அலையின் சுவரைத் தடவிய விதம்,
எல்லாம்.
பார்த்துக்கொண்டே நான்கு துழாவல் போட்டு
அவனுக்கு முன்னால் இறங்கினேன்.

வலது காலை முன்வைப்பவள் நான்.
இந்த அலையில் சுவருக்கு முதுகு காட்டித்தான் ஓட வேண்டும்.
ஆகவே எனக்குத் தெரிந்ததெல்லாம்
கரை, சைக்கிள்கள்,
அப்போதுதான் எரியத் தொடங்கிய கொண்டோ விளக்குகள்.

அவன் கத்தவில்லை.
குறுக்கே விழுந்தால் கத்துவது வழக்கம்,
நாங்கள் எல்லோரும் கத்துவோம்.
பின்னால் பலகை கல்லில் மோதிய சத்தம் மட்டும்.
பக்கத்து வீட்டில் கதவு சாத்தியதுபோல் ஒன்று.

திரும்பி வந்தபோது
பழைய ஒட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வாய்.
"பரவால்லக்கா, ரெசின் வாங்கி நானே பூசிர்றேன்."
ஹைருலிடமும் அவனே போய்ச் சொன்னான்,
தன் கணக்கு தப்பிவிட்டதென்று.
விடுதிக்குத் திரும்ப நேரமாகிவிட்டது அவனுக்கு.
ஈரச் சட்டையின்மேல் உலர்ந்த சட்டையைப் போட்டுக்கொண்டு
பேருந்துக்கு ஓடினான்.
"நல்ல ரைடு" என்றார் டெஸ்மண்ட்.

ரெசினுக்கு நாற்பது வெள்ளி ஹைருலிடம் கொடுத்தேன்.
யாருக்கென்று சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

லிஃப்டில் பலகையைச் சாய்த்து நிற்கையில்
தொடை இரண்டும் இன்னும் நடுங்கின.
சொல்லக் கூசுகிறது.
அன்று அது பதினொன்றல்ல, பதினாறு வினாடி.
இந்தக் கரையில் எனக்குக் கிடைத்ததிலேயே
நல்ல அலை.