வாத்துக் கணக்கு

காலை ஆறரைக்கு அரை மாத்திரை,
பத்துக்கு முழுசு,
புதிதாகச் சேர்ந்த ஊதா நிறத்தது ராத்திரிச் சோற்றுக்குப் பின்.
பால் கணக்கு நோட்டைக் கவிழ்த்துப்
பின்பக்கமிருந்து எழுதுகிறேன்:
தூக்கம். மலம். எழுந்ததும் தலை சுற்றியதா.
கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தினால்
குழி எத்தனை நேரம் நிற்கிறது.

பெட்டிக்குள் எட்டாய் மடித்த தாள்,
வெங்காயத் தோல் மாதிரி.
கொரடாச்சேரி மருந்துக்கடை ஜபருல்லா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்துச் சொன்னார்:
வாய் உலரலாம், மயக்கம் வரலாம்,
கைக்காசைச் சீட்டாட்டத்தில் விடலாம்.
இதுகூடவா போடுவான் என்று இரண்டு பேரும் சிரித்தோம்.
இல்லாதது தெரியலாம் என்ற வரி வந்தபோது
யாரோ இருமல் டானிக் கேட்டு வந்துவிட்டார்.

பன்னிரண்டாம் நாள்
கூடத்தைக் கடக்கையில் அப்பா
காலைத் தூக்கித் தூக்கி வைத்தார்,
நாற்றை மிதிக்காமல் நடப்பவர் போல.
கை நடுக்கம் நின்றிருந்தது.
முழு டம்ளர் காப்பி, ஒரு சொட்டு சிந்தவில்லை.
நான் அதைத்தான் எழுதினேன்,
அடியில் இரண்டு கோடு போட்டு.
திருப்பூருக்குப் போன் போட்டுத் தம்பியிடமும் சொன்னேன்.

சாயங்காலம் கொல்லைக் கதவைச் சாத்தச் சொன்னார்.
"ஏம்ப்பா?"
"வெளிய போயிட்டா யாரு வளைச்சுப் பிடிக்கிறது."
"எது?"
ஈர நெல்லைக் காய்ந்தது என்று சாதிக்கும் ஆளைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தார்.
"வாத்துதான்."

கொள்முதல் நிலையத்தில்
முப்பத்தோரு வருடம் பட்டியல் எழுதியவர் குஞ்சிதபாதம்.
எண்ணாமல் எதையும் உள்ளே விடமாட்டார்.
டி.வி. மேசை அடியில் பதினாறு,
பீரோ ஓரம் நாற்பது,
என் கட்டில் பக்கம் கொஞ்சம்,
அது குஞ்சு, கணக்கில் சேராது.
மேய்க்கிற ஆள் எங்கே என்று கேட்டேன்.
டீ குடிக்கப் போயிருக்கிறானாம்.

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் டாக்டர் கேட்டார்:
"பயமா இருக்கா ஐயா?"
"இல்லிங்க. சத்தமே போடலை."
ஊதாவைப் பாதியாக்கினார்.
திரும்பும் பஸ்ஸில், அம்மாப்பேட்டை தாண்டி,
அறுத்த வயலில் வாத்துக் கூட்டம்,
தண்ணீரில் வெயில் ஆடுகிறது.
அப்பா ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினார்.
"அது இருக்கா?"
"இருக்குப்பா."
"சரி."

பிறகு நோட்டில் இரண்டு பத்தி.
வாத்து: அறுபது. இருபத்திரண்டு. ஏழு.
டம்ளர்: முக்கால். அரை. அதற்கும் கீழே.
சட்டைப் பொத்தானை முதன்முதலாய் நான் மாட்டிவிட்ட அன்று
பீரோவுக்குப் பின்னால் ஒன்றே ஒன்று,
கால் ஊனம் என்றார்.
மறுநாள் அதுவும் இல்லை.
"போச்சா?"
"வித்துட்டேன்னு வச்சுக்கயேன்" என்றார்,
ரசம் வேட்டியில் வழிய.

நேற்று ராத்திரி தண்ணீர் குடிக்க வந்தவர்
அடுப்படி வாசலில் நின்றார்.
நின்றுகொண்டே இருந்தார்.
பிறகு வலது காலை முழங்கால் உயரம் தூக்கி
எதையோ தாண்டி வைத்தார்.
வியாதியிலும் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும்,
தாண்டுவதுபோல் வைத்தால் விடும் என்று
டாக்டர் சொல்லியிருக்கிறார்.
நோட்டை எடுத்தேன்.
எந்தப் பத்தியில் எழுதுவது?
கேட்டால் ஒன்றுமில்லை என்பார்.
எதை எழுதினால் எது குறையும் என்று
இப்போது அவருக்கும் தெரியும்.

தேதி மட்டும் போட்டு மூடினேன்.
கொல்லைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று
ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.