பத்து லட்சத்து ஒன்று

கொத்தமங்கலம், இரவு பதினொன்றரை.
வளவில் வாழையிலை வாசம் இன்னும் போகவில்லை.
மொய் நோட்டு, நான், கால்குலேட்டர்.
கால்குலேட்டரில் பேட்டரி தீர்ந்திருந்தது.

முந்நூற்றுப் பன்னிரண்டாம் வரி:
பினாங்கு நாகப்பன், ரூ. 10,00,001.
பத்து லட்சம் சாதுவான எண்.
இரண்டையும் ஐந்தையும் ஆறாறு தடவை பெருக்கினால்
வந்து நிற்கும்.
அதன் தலையில் ஓர் ஒற்றை ரூபாயை வைத்ததும்
இரண்டும் ஐந்தும்
செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டன.

அப்புறம் உள்ளே யார்தான் இருக்கிறார்கள்?
நோட்டின் பின்னட்டையில் வகுத்தேன்.
மூன்று: மீதி இரண்டு.
ஏழு: மீதி இரண்டு.
பதினொன்று, பதிமூன்று: அப்போதும் இரண்டு.
மாடியில் மணமக்கள் விளக்கை அணைத்தார்கள்.
பதினேழில் பத்து, பத்தொன்பதில் பன்னிரண்டு.
நூற்றுக்குள் பகா எண்கள் இருபத்தைந்து,
அத்தனை சாவியும் போட்டாயிற்று.
பின்கட்டில் அண்டா கழுவும் சத்தம் நின்றுபோயிருந்தது.

நூற்றைத் தாண்டி முதல் பகா எண்
நூற்றியொன்று.
திறந்துகொண்டது.
ஈவு 9,901. மீதி இல்லை.
அந்த 9,901-ம் இனி யாருக்கும் உடையாது.

நூற்றியொன்று...
இன்று காலை எழுதின கை இது.
புரட்டினேன். பதினெட்டாம் வரி:
சவரிமுத்து, லாரி ஷெட், ரூ. 101.
சாப்பிடாமல் போனவர். அவசர லோடு என்றார்.

அவரையே
ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒரு முறை
முகப்பு வழியாக நடக்க விட்டால்
நாகப்பன் வந்துவிடுவார்,
கூடாமல் குறையாமல்.

கூட்டல் முடியவில்லை.
ஒன்பது ரூபாய் உதைக்கிறது.
ஒன்பது உதைத்தால்
எங்கோ இரண்டு இலக்கங்கள்
பந்தியில் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.
முதல் பக்கத்திலிருந்து மறுபடி.